ஒப்படைக்கும் நேரம்

அந்த ஆஸ்பத்திரியில் பம்பக்கா எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளிகூட மாடியைக் காட்டுவார். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பிழைத்திருந்தது. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போது இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள். அந்த நேரத்தில் இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை ஓர் இயந்திரம் செய்யும். உடம்பிலிருந்து ரத்தத்தை வாங்கி, அதற்குக் காற்றைக் கொடுத்து, உடம்புக்கே திருப்பி அனுப்பும். அந்தப் பம்ப்பை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவள் அவள். "ஊர்ல இருக்கிற நெஞ்சையெல்லாம் பார்த்துக்கிறே, என் நெஞ்சுக்கு ஒரு மாத்திரை எடுத்துக் குடுக்க உனக்கு நேரமில்லை" என்று அவள் கணவர் வாரம் ஒருமுறை குறைப்பட்டுக்கொள்வார். அவருக்கு வெறும் நெஞ்செரிச்சல்தான்.

அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் பெரியவர். தலைமை சர்ஜன். அறுபத்து நான்கு வயது, ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கோபம். முன்பெல்லாம் அந்த ஊரில் யாருக்காவது இதயத்தில் ஓட்டை என்றால் ஐந்து மணி நேரம் ஆம்புலன்ஸில் போக வேண்டும். வழியிலேயே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. பெரியவர்தான் அதற்கு முடிவு கட்டினார். எங்கேயோ பேரம் பேசி ஒரு பழைய இயந்திரத்தை வாங்கி, இரண்டு மரப்பெட்டிகளில் கொண்டுவந்து இறக்கினார். அதைத் துடைத்துப் பூட்டியதில் பாதி வேலை பம்பக்காவுடையது. முதல் ஆபரேஷன் எட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு. இப்போது அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை வந்து, எடை போட்டுவிட்டாய் என்று பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறாள்.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ வந்தன. துடித்துக்கொண்டிருக்கிற இதயத்தை நிறுத்தாமலே அதன்மேல் தையல் போட்டார்கள். விரல் நுழையும் மூன்று துளைகள் வழியாக நுரையீரலில் கெட்டுப்போன பகுதியை மட்டும் எடுத்தார்கள். அந்த நோயாளி, ஒரு பஸ் டிரைவர், மூன்றாம் நாளே வராந்தாவில் நடந்து டீ எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். போன வருஷம் நெஞ்சைத் தொடாமல் தொடை வழியாகவே புது வால்வை அனுப்பிப் பொருத்தியபோது பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பெரியவர் ஃபோட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மயக்க மருந்து டாக்டரைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார். தூக்க டாக்டர் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர் அன்றைக்கு நன்றாகச் சிரித்துக்கொண்டு பேப்பரில் வந்தார். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வினையும் அவரால்தான் வந்தது. ஒரு நாள் மதியம் புது ஸ்டெதாஸ்கோப் ஒன்று வாங்கி வந்தவர், சோதித்துப் பார்க்க ஒரு நெஞ்சு வேண்டும் என்று, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவரின் சட்டைமேல் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

"என்னய்யா, உள்ள ஆள் இருக்கா இல்லையா?" என்றார் பெரியவர்.

"சார், சட்டையைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்க சார்."

ஊரில் உள்ள நெஞ்சுக்கெல்லாம் காது வைத்தவர், சொந்த நெஞ்சுக்குள் நடப்பதைக் கேட்காமலே இருந்துவிட்டார். மூன்று இதழ் இருக்க வேண்டிய வால்வில் பிறவியிலிருந்தே இரண்டுதான். இப்போது அது சுண்ணாம்பு பூத்து இறுகிப்போயிருந்தது. அதோடு நிற்காமல், அதற்கு மேலே போகும் பெரிய ரத்தக்குழாயும் வீங்கியிருந்தது. தொடை வழியாக வால்வு வைக்கிற வித்தையெல்லாம் இதற்கு உதவாது. நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி, இரண்டையும் மாற்ற வேண்டும். வீக்கம் எந்த நாளும் வெடிக்கலாம். ஆறு மாதமாக மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதற்கு, "லிஃப்ட்காரன் பழக்கம் கெடுத்துட்டான்" என்று சொல்லிச் சமாளித்தவர் அவர். நோயாளி யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்.

எங்கே செய்வது என்பதில் வீட்டில் சண்டை. பெரியவரின் மனைவி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பெரிய ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு, அதற்கான எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டார். பெரியவர் இங்கேதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். "இருபத்திரண்டு வருஷமா எல்லாரையும் இங்க நம்பிப் படுங்கன்னு சொல்லிட்டு, என் முறை வந்ததும் பெட்டியைத் தூக்கிட்டு ஓடவா?" என்றாராம். கத்தியை யார் பிடிப்பது என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் எதிர்ப்பக்கம் நின்று கூடவே ஆபரேஷன் செய்த சின்ன டாக்டர். நாற்பத்தொரு வயதுப் பெண்மணி, இரட்டைப் பிள்ளைகளுக்குத் தாய், கை சுத்தம், பேச்சு குறைவு.

டீச்சர் யாரிடமும் அழவில்லை. நேரே மாடிக்கு வந்து, குழாய்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்த பம்பக்காவின் முன்னால் நின்றார்.

"சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரரா இருந்தா இங்க படுக்க வைப்பியா?"

"வைப்பேன் டீச்சர்."

"சொல்றதுக்கு முன்னாடி ஒரு நொடி யோசிச்சியே, என்ன அது?"

கணக்கு டீச்சரிடம் எதையும் மறைக்க முடியாது. பம்பக்கா உள்ளதைச் சொன்னாள். "என் வீட்டுக்காரர்னா சார் பண்ணுவார். அதனால யோசிக்க வேண்டியிருக்காது. இப்ப சாரே படுக்கிறார். அதுதான் யோசிச்சேன். ஆனா சின்ன டாக்டர் கை எனக்குத் தெரியும். நம்பலாம்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் என்கிட்ட முழுசா வரணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"கூட்டிட்டு வந்து குடுக்கிறேன் டீச்சர்" என்றாள் பம்பக்கா. சொன்ன பிறகுதான், ஒரு இயந்திரக்காரி சொல்லக்கூடிய வார்த்தையா இது என்று அவளுக்கே தோன்றியது. பெரியவர் என்றால் அவளுக்கு அண்ணன் மாதிரி. அவள் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், தப்பாகக் குழாய் மாட்டியதற்கு முப்பது பேர் முன்னால் திட்டியதும் அவர்தான். இரண்டையும் அவள் மறக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம், நோயாளிகளுக்குக் கொடுக்கும் பின்னால் முடிச்சுப் போடுகிற அங்கியைப் போட்டுக்கொண்டு, பெரியவர் அவளுடைய அறைக்கே வந்துவிட்டார். முடிச்சை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் இயந்திரத்தின் உருளைகளைத் தட்டிப் பார்த்தார்.

"எண்ணெய் போட்டியா?"

"சார், நோயாளிங்க இந்தப் பக்கம் வரக்கூடாது."

"நான் நோயாளியா?"

"அங்கியைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது. பின்னாடி காத்து வரப் போகுது, போங்க."

சிரித்தார். போகவில்லை. கொஞ்ச நேரம் அந்த உருளையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இதை நான் இந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்ததே இல்லை" என்றார். பம்பக்கா அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகக் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. அவருக்குப் பயம். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. "வாங்க சார், டீச்சர் தேடுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சின்ன டாக்டர் மூன்று பக்கத்தில் பட்டியல் போட்டிருந்தார். எந்த அளவு வால்வு, எந்த நீளக் குழாய், எத்தனை பாட்டில் ரத்தம், எது தவறினால் எது என்று எல்லாம் அதில் இருந்தது. அதை எல்லோரும் உட்கார்ந்து இரண்டு முறை வரிவரியாகப் படித்தார்கள். அதில் ஒன்றே ஒன்று இல்லை. இல்லை என்பது யாருக்கும் உறைக்கவும் இல்லை.

அது பெரியவரின் பழக்கம். ஆபரேஷன் முடிந்து, நின்ற இதயம் மறுபடி துடிக்க ஆரம்பித்ததும், இருபது நிமிஷம் அதை இயந்திரத்தின் தயவில் ஓய்வாக விடுவார்கள். பிறகு இயந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேலையை இதயத்திடமே கொடுக்க வேண்டும். ஆபத்தான நேரம் அதுதான். அந்த நேரத்தில், கத்தி பிடித்தது யாராக இருந்தாலும், பெரியவர் எங்கிருந்தாலும் வந்துவிடுவார். தொப்பியும் முகமூடியுமாகக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்து, திரையில் ஓடும் எண்களை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு, "உரியவங்ககிட்ட ஒப்படைச்சிடும்மா" என்பார். பம்பக்கா, "ஒப்படைக்கிறேன் சார்" என்று சொல்லிக் குமிழைத் திருப்புவாள். வாய்விட்டு உத்தரவு வராமல் இயந்திரத்தைத் தொடுவதில்லை என்பது அவள் வேலையின் முதல் சட்டம். அந்த உத்தரவை அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாரும் சொன்னதே இல்லை. நம்பக் கஷ்டம்தான். ஆனால் மனிதர் ஆபரேஷன் நாளில் லீவு போட்டதில்லை. அகால வேளையில் கூப்பிட்டாலும் வீட்டுச் செருப்போடு வந்து நிற்பார். மகள் கல்யாணத்தைக்கூட ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் வைத்தார்.

காலை எட்டு மணிக்கு மேசையில் படுத்தார். தூக்க டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததும், "உன் ஊசி இல்லாமலே நான் தூங்கிடுவேன்யா, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை" என்றார் பெரியவர். அவ்வளவுதான் பேச்சு. மருந்து உள்ளே போனது. அந்த முகத்தைக் கோபமில்லாமல் பார்ப்பது எல்லோருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது.

சின்ன டாக்டர், சும்மா சொல்லக்கூடாது, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வேலை செய்தார். நெஞ்சைத் திறந்து, குழாய்களைப் பூட்டி, இயந்திரத்துக்கு மாற்றி, இதயத்தைக் குளிர்ந்த மருந்து கொடுத்து நிறுத்தினார். திரையில் ஓடிய கோடு படுத்துவிட்டது. அந்தக் கோட்டை ஆயிரக்கணக்கான முறை பார்த்திருக்கிறாள் பம்பக்கா. இன்றைக்கு அவள் பார்க்கவில்லை. தன் உருளைகளையும் எண்களையும் மட்டும் பார்த்தாள். நிமிஷத்துக்கு நாலரை லிட்டர். பெரியவரின் உயிர் நாலரை லிட்டராக அவள் முழங்கைக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

பழைய வால்வு வெளியே வந்தது. கூழாங்கல் போல இருந்தது. புதியதைத் தைத்தார்கள். வீங்கிய குழாயை எடுத்துவிட்டுத் துணியால் நெய்த செயற்கைக் குழாயை வைத்துத் தைத்தார்கள். இயந்திரம் ஓட ஆரம்பித்த நூற்று முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் இதயம் ஒருமுறை உதறிக்கொண்டு, பிறகு இரண்டு முறை, பிறகு ஒழுங்காகத் துடிக்க ஆரம்பித்தது. முகமூடிக்குள் யாரோ மூச்சை விட்ட சத்தம் கேட்டது. இருபது நிமிஷம் ஓய்வு. சின்ன டாக்டர் தையல்களைத் தடவித் தடவிப் பார்த்தார். கசிவு இல்லை. உடம்பு சூடு சரி. ரத்த அழுத்தம் சரி. இருபது நிமிஷமும் முடிந்தது.

எல்லோரும் நின்றார்கள்.

சின்ன டாக்டர் கைகளை மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். தூக்க டாக்டர் மருந்துகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். பம்பக்கா குமிழில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம் போனது. இரண்டு போனது. சின்ன டாக்டர் எதையோ பார்க்கிறார் என்று பம்பக்கா நினைத்தாள். பம்பக்கா எதையோ சரிசெய்கிறாள் என்று சின்ன டாக்டர் நினைத்தார். ரத்தம் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடுவதற்காகப் பிறந்த பொருள் அல்ல. ஒவ்வொரு நிமிஷமும் கொஞ்சம் நசுங்கும், கொஞ்சம் கெடும். மூன்று, நான்கு. ஐந்தாவது நிமிஷத்தில் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. பிறகு அடுத்தடுத்து இரண்டு, தாறுமாறாக.

"அக்கா, என்ன?" என்றார் தூக்க டாக்டர்.

பம்பக்கா தலையைத் திருப்பினாள். அப்போதுதான் தான் இவ்வளவு நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. கதவை. சின்ன டாக்டரைப் பார்த்தாள். அவர் கண்ணும் கதவிலிருந்துதான் திரும்பியது. கருவிகள் எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் கூட அந்தப் பக்கமே திரும்பி நின்றிருந்தாள். பெரியவர் மேசையில் மார்பைத் திறந்துபோட்டுப் படுத்திருக்க, ஆறு பேர் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

"கூட்டிட்டு வந்து குடுக்கிறேன்" என்று டீச்சரிடம் சொன்னது காதில் அடித்தது. பம்பக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "டாக்டர், அவர் வரமாட்டார். நீங்கதான் சொல்லணும்."

சின்ன டாக்டரின் நெற்றி வெளுத்தது. வாயைத் திறந்தார். பெரியவரின் அந்த வார்த்தை வரவில்லை. வீட்டில் அடுப்பைக் குறைக்கச் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்: "அக்கா, குறைங்க."

"குறைக்கிறேன் டாக்டர்."

நாலு லிட்டர். மூணரை. மூன்று. தூக்க டாக்டர் ஒரு மருந்தைக் கொடுத்தார், தாறுமாறு அடங்கியது. இரண்டு லிட்டரில் அழுத்தம் சரிந்தது. "ரெண்டுலயே நிறுத்துங்க" என்றார் சின்ன டாக்டர். நிறுத்தினாள். இதயம் கனத்த மூட்டையைத் தூக்குகிறவன் போலத் தள்ளாடியது. பம்பக்கா உள்ளுக்குள் அதை வைதுகொண்டிருந்தாள். எழுந்திருய்யா, எத்தனை பேரை எழுப்பினே, உன் முறைக்கு மட்டும் படுத்துக்கிறியா என்று வைதாள். எண் அறுபது என்றது. அறுபத்து நான்கு. எழுபது. எண்பத்தைந்து.

"இறக்குங்க" என்றார் சின்ன டாக்டர்.

ஒன்று. அரை. அவள் குழாயை இடுக்கியால் அடைத்துவிட்டு உருளையை நிறுத்தினாள். அறையில் இயந்திரச் சத்தம் போய், திரையின் டிக் டிக் மட்டும் இருந்தது. அது பெரியவர் தானாகப் போடும் சத்தம். தூக்க டாக்டர் கண்ணைத் துடைக்கக் கை போகாமல், தோளில் துடைத்துக்கொண்டார். சின்ன டாக்டர் மறுபடி தையலைத் தடவிப் பார்த்தார்.

மறுநாள் காலை மூச்சுக்காக வாயில் வைத்திருந்த குழாயை எடுத்தார்கள். பத்து மணிக்குப் பம்பக்கா போனபோது, டீச்சர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொண்டார். கட்டிலில் பெரியவர் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இருமச் சொன்ன நர்ஸை முறைத்துக்கொண்டிருந்தார். இருமாவிட்டால் சளி கட்டும் என்று இருபத்திரண்டு வருஷம் நோயாளிகளிடம் கத்தியவர் அவர்தான்.

"சீட்டு எங்க?" என்றார். குரல் கரகரத்தது. பிழைத்து எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

இயந்திரத்தில் எந்த நிமிஷம் என்ன நடந்தது என்று அவள் எழுதி வைக்கும் சீட்டு. கையில்தான் வைத்திருந்தாள். அதில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதை நிரப்ப நேற்றிலிருந்து மனசு வரவில்லை.

"ரெஸ்ட் எடுங்க சார். அப்புறம் பார்க்கலாம்."

"மெஷின்ல எத்தனை நிமிஷம்?"

"நூத்து அறுபத்தொம்பது."

"எப்ப துடிச்சுது?"

"நூத்து முப்பத்தெட்டுல."

அவர் கணக்குப் போடுவதற்குள் டீச்சர் போட்டுவிட்டார். "இருபது நிமிஷம் ஓய்வு, குறைக்க அஞ்சுன்னு நீங்க சொல்வீங்களே. நூத்து அறுபத்துமூணு வருது."

"மிச்சம் ஆறு எங்கம்மா?" பெரியவரின் புருவம் ஏறியது. நோயாளியின் புருவம் இல்லை, சர்ஜனின் புருவம். "கசிவா? என்ன தப்பு நடந்தது? மறைக்காம சொல்லு."

பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். அவரிடம் அது செல்லாது.

"தப்பு ஒண்ணும் நடக்கலை சார். எல்லாம் தயாரா இருந்தது. நீங்க வந்து சொல்வீங்கன்னு கதவைப் பார்த்துட்டு நின்னுட்டோம். எல்லாரும்."

அவர் அவளையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஆனால் அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. கண்ணிலிருந்து நீர் காதை நோக்கி வழிந்தது. துடைக்கக் கை தூக்க முடியவில்லை. டீச்சர் முந்தானையால் துடைத்துவிட்டார். தலையணையை இறுக்கிக்கொண்டு அவர் இரண்டு முறை நன்றாக இருமினார். நர்ஸுக்கு நிம்மதி.

"சீட்டைக் குடு."

கொடுத்தாள். தாமதம் இருந்தால் காரணம் எழுத வேண்டிய அந்தக் காலிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதை ஏன் விட்டே? எழுது. சர்ஜன் வர லேட்."

"சார்."

"எழுதும்மா. என் தப்புதானே. எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டு அதை மட்டும் நானே வெச்சுக்கிட்டேன்."

எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்தது, ஆனாலும் எழுதினாள். அவர் வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, ஊசி குத்தியிருந்த கையாலேயே கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

"சின்னவகிட்டயும் சொல்லிடு" என்றார். "இனிமே நான் லேட்டானா நிக்க வேண்டாம். நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருங்க."